குடமுழுக்குச் சொற்களும் அவற்றின் குடிப்பிறப்பும்

சொல்லும் பொருளும் போலச் சத்தியும் சிவமும் பிரிப்பின்றி நிற்கும் என்பது ஆன்றோர் கொள்கை. ஆகலின் சொல்லின் இயல்பை ஆராய்தல் சைவர்க்குப் புறம்பான செயலன்று. திருக்கோயிற் குடமுழுக்கு விழாவினை ஒட்டி இவ்வாராய்ச்சி நிகழ்தல் பெரிதும் பொருத்தமுடைத்து.

எந்தத் திருக்கோயிலின் விழா அழைப்பிதழை நோக்கினும் ஒருபால் கும்பம், கலசம், அபிடேகம், தீபம், ஆகமம் என்னும் சொற்களும், மற்றொருபால் குடம், முழுக்கு, விளக்கு, நீர், பால், பூ, கல், கோயில் என்னும் சொற்களும் கலந்து விளங்கக் காணலாம். இவற்றுள் எவை எம்மொழிக்கு உரியன என்னும் வினா எழுந்தவுடன் அன்பர்களிடையே இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. தமிழில் உள்ளனவெல்லாம் வடமொழியிலிருந்து வந்தனவே என்பார் ஒருசாரார். வடமொழியில் உள்ளனவெல்லாம் தமிழிலிருந்து சென்றனவே என்பார் மற்றொரு சாரார். இருசாராரும் தத்தம் மொழியின்பால் வைத்த பற்றினாற் பேசுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பற்று ஒன்று, சான்று வேறொன்று. இறைவன் திருமுன் நின்று சொல்லும் சொல் மெய்யாதல் வேண்டுமெனின், அச்சொல்லின் வரலாறாகச் சொல்லப்படுவதும் மெய்யாதல் வேண்டுமன்றோ?

மடத்து மரபில் எழுந்த வழக்கு

இவ்வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. தொல்காப்பியனாரே செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வடசொல்லை ஏற்குங்கால் வடக்குக்கே சிறந்த எழுத்துகளை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்று விதியும் வகுத்தார். அபிஷேகம் அபிடேகமானதும் வருஷம் வருடமானதும் அவ்விதியினாலேயாம். பிறமொழிச் சொல் புகும் வாயிலும், அது புகும் முறையும் தமிழ் இலக்கணத்தின் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தன என்பதற்கு இதுவே சான்று.

பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்திலேயே இவ்வினா இருவேறு விடைகளைப் பெற்றது. இலக்கணக்கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகர், வடமொழிக்கும் தமிழுக்கும் இலக்கணம் ஒன்றே என்றும், தமிழுக்கெனத் தனியே உரியவை எ, ஒ, ழ, ற, ன என்னும் ஐந்தெழுத்துகளே ஆகலின் அவை கொண்டு தமிழைத் தனிமொழி எனல் பொருந்தாது என்றும் கருதினார். அவருக்குப் பின் அதே ஆதீனத்தில் விளங்கி, 1785இல் திருவடி எய்திய மாதவச் சிவஞான முனிவர், தொல்காப்பியப் பாயிர விருத்தியுள் வேறு காட்டினார். வினைத்தொகை, குறிப்புவினை, உயர்திணை அஃறிணைப் பாகுபாடு, அகம் புறம் என்னும் பொருட்பகுப்பு, வெண்பா முதலிய செய்யுளிலக்கணம் ஆகியன வடமொழியிற் காணப்படாமையை எடுத்துரைத்து, தமிழின் தனிநிலையை அவர் நிறுவினார். முனிவர் வடமொழிக் கடலையும் தென்மொழிக் கடலையும் நிலைகண்டுணர்ந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது. வடமொழியை வெறுத்து அவர் அவ்வாறு கூறினாரல்லர். இரண்டனையும் முற்றக் கற்றமையால் வேற்றுமை கண்டு கூறினார்.

இவ்விடத்து நுணுகி நோக்குதற்குரியது ஒன்றுண்டு. தேசிகர் எழுத்தை எண்ணினார். முனிவரோ மொழியின் கட்டமைப்பை ஆராய்ந்தார். எழுத்தும் சொல்லும் கைம்மாறும். கட்டமைப்பு எளிதிற் கைம்மாறாது. பிற்காலத்து மொழிநூலார் கைக்கொண்ட நெறியும் இதுவேயாம்.

உறவும் இரவலும்

1786இல் கல்கத்தாவில் சர் வில்லியம் சோன்சு, வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளாதல் கூடும் என்று உரைத்தார். அதன்பின் இந்திய மொழிகள் அனைத்தும் வடமொழியின் கிளைகளே என்ற எண்ணம் ஐரோப்பியரிடையே பரவியது. அதனை மறுத்து, தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை தமக்குள் உறவுடையனவாய் வடமொழியின் வேறான ஒரு குடும்பத்தைச் சார்ந்தவை என்று 1816இல் முதன்முதல் அச்சில் எடுத்துக்காட்டியவர், சென்னையில் கலெக்டராயிருந்த பிரான்சிசு வைட் எல்லிசு என்பவர். 1856இல் கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு அவ்வுண்மையை விரிவாக நிலைநாட்டினார். பரோ, எமனோ என்னும் இரு பேராசிரியர்கள் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பகராதி, 5,500க்கு மேற்பட்ட சொற்குடும்பங்களை நிரல்படுத்தித் தந்துள்ளது.

இவ்வறிஞர்கள் கொண்ட நெறி யாது? இரு சொற்கள் ஒலியால் ஒத்திருத்தல் மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஒலிவேறுபாடு ஓர் ஒழுங்கின்பாற்பட்டு, பல சொற்களிலும் ஒருபடித்தாய் வருதல் வேண்டும்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு ஒலிக்கும். ஆண்டு நிற்பார்க்கு இந்நெறி எளிதில் விளங்கும். ஆண்டவன் திருமுழுக்கிற்குரிய பாலை மலையாளத்தார் பால் என்பர். தெலுங்கர் பாலு என்பர். கன்னடத்தார் ஹாலு என்பர். பூ அவர்க்கு ஹூவு. புலி ஹுலி, பல் ஹல்லு, பெயர் ஹெசரு. தமிழிற் சொன்முதற் பகரம் நிற்குமிடத்தெல்லாம் இக்காலக் கன்னடத்தில் ஹகரம் நிற்கின்றது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அவ்விடத்தும் பகரமே காணப்படுதலால், மாறியது கன்னடமே என்பதும் தெளிவாம். பாலும் ஹாலும் தனித்தனியே நோக்குவார்க்கு வேறுபட்டுத் தோன்றும். ஒழுங்குபற்றி நோக்குவார்க்கு உடன்பிறப்பாய் விளங்கும்.

இதற்கு மறுதலையாக, ஒத்தொலித்தும் உறவில்லாத சொற்கள் பல உள. ஆங்கிலத்தில் எட்டென்னும் எண்ணை ‘எயிட்’ என்பதும், வடமொழி ‘அஷ்ட’ பிராகிருதத்தில் ‘அட்ட’ என நிற்பதும் கண்டு, எட்டு என்னும் தமிழ்ச்சொல்லை அவற்றோடு இணைப்பார் உளர். எண்பது, எண்ணாயிரம், எண்குணம் என்பவற்றை நோக்கின் அச்சொல்லின் அடி ‘எண்’ என்பது புலனாம். கன்னடத்தில் எண்டு என்றும் தெலுங்கில் எனிமிதி என்றும் வழங்குதல் அதனை வலியுறுத்தும். ஆங்கிலச் சொல்லோ இலத்தீன ‘ஒக்தோ’, செருமானிய ‘ஆக்ட்’, வடமொழி ‘அஷ்ட’ என்பவற்றின் இனம். இரண்டு ஆறுகள் ஓரிடத்தில் அருகருகே ஓடுதலால் அவற்றின் ஊற்று ஒன்றாகாது.

கால்டுவெல் ஐயரே திராவிட மொழிகளைச் சித்திய இனம் எனத் தாம் பெயரிட்ட வடபுல மொழிகளோடு இணைக்க முயன்றார். 1980ஐ ஒட்டிச் சப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவு காட்ட முற்பட்டார். இவையிரண்டும் பெரும்பான்மை மொழிநூலாரால் ஏற்கப்படவில்லை. தமிழுக்கு உலகெங்கும் உறவினர் உளர் எனக் கேட்டல் இனிதே. எனினும் இனிமை சான்றாகாது.

கண் என்னும் சொல்லின் பரப்பு

தமிழின் மெய்யான உறவினர் சிலரல்லர். திருவுருவம் நிறுவுங்கால் கண்திறத்தல் என்னும் சடங்கு நிகழும். அக்கண் என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்க. மலையாளம், கன்னடம், துளு ஆகியவற்றில் கண்ணு, தெலுங்கில் கன்னு, நீலமலைக் கோத்தர் மொழியில் கண், நடு இந்தியாவின் கோண்டியில் கன், சார்க்கண்டுப் பகுதியில் வழங்கும் குரூக்கு மொழியில் ‘க்ஹன்’, பாக்கித்தானத்துப் பலுச்சித்தானத்தில் வழங்கும் பிராகுவியில் ‘க்ஹன்’. இறுதி இரண்டிலும் ககரம் தொண்டையில் உரசி ஒலிக்கும். பிராகுவியில் கல்லும் அவ்வாறே ‘க்ஹல்’ எனப்படும், வாய் ‘பா’ எனப்படும், இரண்டு ‘இரா’, மூன்று ‘முசி’. மூன்றுக்கு மேற்பட்ட எண்களையெல்லாம் அம்மொழி அயலாரிடமிருந்து கடன்கொண்டது. எண்ணில் பெரும்பகுதியை இழந்தும் கண்ணையும் கல்லையும் வாயையும் அது இழக்கவில்லை என்பது வியத்தற்குரியது.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதுமில்லை. பொள்ளாச்சியின் தெற்கே ஓங்கி நிற்கும் ஆனைமலையில் காடர், மலசர், முதுவர் முதலிய மலைவாழ் மக்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய பேச்சு அவருடையது. வடக்கே நீலமலையில் தோடர், கோத்தர், இருளர், படகர் மொழிகள் வழங்குகின்றன. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, தோடர், கோத்தர் மொழிகளை அம்மக்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதினார். ஏடும் எழுத்தும் இல்லாத அம்மொழிகள், ஏடுடைய தமிழில் மாறிப்போன பழைய ஒலியைப் போற்றி வைத்திருந்தன. செவி என்பதற்குக் கோத்தர் ‘கெவ்’ என்பர். கன்னடத்தார் கிவி என்பர். பிராகுவியரும் ககர ஒலியையே உடையர். தெலுங்கும் தமிழும் மலையாளமுமே சகரம் உடையன. எனவே பழைய ஒலி ககரம் என்பதும், இ, ஈ, எ, ஏ என்னும் உயிர்களின் முன்னர் அது தமிழிற் சகரமாயிற்று என்பதும் தேற்றம். ‘செய்’ கன்னடத்தில் ‘கெய்’ ஆதலும் இவ்வொழுங்கே. இச்சிறு விதி ஒரு பெருவினாவுக்கு விடை தருவதனைப் பின்னர்க் காண்க.

கொடுத்தலும் கொள்ளலும்

ஒரு தாய்வயிற்றினவல்லாத மொழிகளும் அண்டை வீட்டாராய்ப் பல்லாண்டு வாழுங்கால் கொடுக்கல் வாங்கல் நிகழும். வடமொழியில் வழங்கும் ‘நீர’, ‘மீன’ என்பவை நீர், மீன் என்னும் திராவிடச் சொற்களே என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு. சந்தனம் என்பதனைச் சாந்து என்பதனோடு இணைத்துக் காண்பாரும் உளர். மறுதலையாக, அபிடேகம் என்பது ஊற்றுதற்பொருட்டாகிய வடமொழி வினையடியிற் பிறந்தது. தீபம் ஒளிர்தற்பொருட்டாகிய அடியிற் பிறந்தது. கும்பம் என்பதற்குப் பழைய ஈரானிய மொழியிலும் இனச்சொல் உண்டு. இவை தமிழ் கொண்ட செல்வம். குடம், முழுக்கு, விளக்கு என்பன தமிழின் பிறப்புரிமை. கோயில் என்பதோ கோ, இல் என்னும் இரு தமிழ்ச்சொற்களின் புணர்ச்சி. தெலுங்கிற் கோவெல என நிற்பதும் அதுவே.

பூசை என்னும் சொல்லிலே அறிஞர் ஒருமைப்படவில்லை. வேதகால வழிபாட்டுக்கு வேள்வியே சிறந்த பெயராயிருந்தமை கருதி, பூ என்பதனடியாக இச்சொல்லை விளக்கினர் சிலர். 1927இல் சுவீடன் நாட்டு அறிஞர் சார்பெந்தியர், திருமேனியிற் சாந்து முதலியன பூசுதல் என்பதனடியாக விளக்கினார். 1939இல் செருமானியப் பேராசிரியர் தீமெ வடமொழி அடியினின்றே விளக்கம் கூறி இவற்றை மறுத்தார். பூவிடுதலும் பூசுதலும் பூசையில் உள்ளனவே; எனினும் வழக்கு முடியாதவழி முடிந்ததாகக் கூறுதல் நடுவுநிலைமையன்று.

இக்கலப்பு கொங்குநாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே நிகழ்ந்தது. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. ஆதன் போன்ற தமிழ்ப் பெயர்களும், விசாகி போன்ற பிராகிருதச் சார்புடைய பெயர்களும் அவற்றில் உள்ளன. நெசவும் மணித்தொழிலும் செய்த அவ்வூரார் ஒரே எழுத்தால் இருவகைப் பெயரையும் எழுதிக்கொண்டு உடனுறைந்தனர். கொங்கு நிலம் தந்த இச்சான்று இருகட்சியாரும் எண்ணிப் பார்த்தற்குரியது.

சிவம் என்னும் திருப்பெயர்

இனிச் சைவர் நெஞ்சுக்கு மிக அணித்தாகிய வினா ஒன்றுண்டு. சிவ என்னும் திருப்பெயர், சிவத்தல், சிவப்பு என்னும் தமிழடியிற் பிறந்து வடமொழி புகுந்தது என்று பலர் மேடைகளிற் கூறுவர். அறிஞர் சிலரும் அவ்வாறு கருதியதுண்டு. செம்மேனியனாக இறைவனை அடியார்கள் கண்டு பாடியமையால் இக்கூற்று செவிக்கும் நெஞ்சுக்கும் இனிக்கின்றது. ஆயினும் மேற்கூறிய விதியை ஈண்டுப் பொருத்திப் பார்த்தல் கடன்.

சிவ, செம், செவ் என்னும் தமிழ்ச்சொற்களின் இனம் கன்னடத்தில் கெம்பு எனக் ககரத்தோடு நிற்கின்றது. குரூக்கு மொழியிற் சிவப்பைக் குறிக்கும் ‘க்ஹேசோ’வும் பிராகுவியின் ‘க்ஹீசுன்’ என்பதும் ககர இனத்தோடே நிற்கின்றன. எனவே இவ்வடி பண்டு ககரமுதலாகவே இருந்தது. சகரம் பின்னர்த் தமிழ்வழி வந்த மாற்றம். இருக்கு வேதத்திலோ சிவ என்னும் சொல் நன்மை, அருள் என்னும் பொருளில் முன்னரே வழங்குகின்றது. அத்துணைப் பழங்காலத்தில் திராவிடச் சொல் சென்றிருப்பின் ககரத்தோடு சென்றிருத்தல் வேண்டும். மேலும், அன்பிற்குரியது என்னும் பொருளுடைய ‘சேவ’ என்னும் சொல் வேதத்திலேயே அதற்கு இனமாய் உள்ளது. ஆகலின் சிவ என்னும் பெயரைச் சிவப்பு என்பதினின்று வருவித்தல் சொல்லாராய்ச்சி நெறியால் நிறுவற்கு அரிது.

இதனாற் சைவத்துக்கு யாது குறை? ஒன்றுமில்லை. அன்பையும் சிவத்தையும் இரண்டாகக் காணாதது திருமந்திர நெறி. அத்திருப்பெயரின் பழம்பொருளும் அருளும் அன்புமாய் நிற்றல் சைவர் மகிழ்தற்குரியதேயாம். செம்மேனி கண்டு உருகிய அடியார் அனுபவம் அனுபவமாகவே நிற்கும். சொற்பிறப்பு அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. அப்பரடிகள் இறைவனை ஆரியமும் தமிழுமாய்க் கண்டு பாடினார். இருமொழியும் அவன் அருளின என்பது சமயத் துணிபு. அவை எவ்வாறு வளர்ந்தன என்பது ஆராய்ச்சிக்குரியது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வளைத்தல் இரண்டனுக்கும் இழுக்காம்.

கடல்கடந்த சொற்கள்

பொய்ப்பெருமை நீங்கியவிடத்து மெய்ப்பெருமை விளங்கும். மேலைக் கடற்கரையினின்று பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாட்டுட் செல்லும் பெருவழி பண்டு வணிகர் நடந்த வழி. பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் கிடைத்த உரோம நாணயங்கள் அதற்குச் சான்று. பொன் வந்த வழியே பொருளும் சென்றது. பொருளோடு பெயரும் சென்றது.

இஞ்சி என்பதன் பழைய வடிவம் சகரமுதலாயிருந்து, வேர் என்பதனோடு கூடி வழங்கியது. பாலியில் அது சிங்கிவேர, கிரேக்கத்தில் சிங்கிபெரிசு, ஆங்கிலத்திற் சிஞ்சர். தமிழோ முதற் சகரத்தை இழந்து இஞ்சி என நின்றது. தமிழ் சொன்முதற் சகரத்தை இழத்தல் பிற சொற்களிலும் உண்டு. புரவலர்க்குரிய ஈதல் என்பதன் அடியாகிய ‘ஈ’ கோண்டியிற் ‘சீ’ என நிற்றல் காண்க. வடமொழியார் அவ்வயற்சொல்லைத் தம் செவிக்கேற்பச் ‘சிருங்கவேர’ எனத் திருத்தி, கொம்பு போன்ற வடிவுடையது எனப் பொருளும் கற்பித்தனர். தெரியாத சொல்லுக்குத் தெரிந்த பொருளை ஏற்றும் வழக்கம் எந்நாட்டார்க்கும் பொதுவே போலும்!

காங்கயத்தை அடுத்த படியூரில் கடல்நீல நிறத்துப் பளிங்குமணி அகழ்ந்தெடுக்கப்பட்டது. உரோமர் பெரிதும் விரும்பியது அம்மணியினம். பாலியில் வேளுரிய, வடமொழியில் வைடூரிய, கிரேக்கத்திற் பெரில்லோசு என அப்பெயர் சென்றது. அதன் மூலம் திராவிடச் சொல்லே எனக் கருதுவோர் பலர். செருமானியர் மூக்குக்கண்ணாடியைப் ‘பிரில்லெ’ என்பதும் அதன் வழிவந்ததே. ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப்பினின்று உருட்டி இறக்கப்பட்ட மரம் தேக்கு. 19ஆம் நூற்றாண்டில் அது பம்பாய்க் கப்பற்றளம் வரை சென்றது. அதன் பெயரோ மலையாளக் கரையினின்று போர்த்துக்கீசியர் நாவிலேறித் தேக்கா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆயிற்று. இவை உறவுமுறையல்ல, வாணிகமுறை. ஆயினும் கொங்கு நிலத்தின் உழைப்பை உலகம் அறிந்தமைக்கு அழியாச் சான்று.

திருப்பணி செய்வோர் கடன்

இவ்வாராய்ச்சியின் பயன் யாது? சொல்லின் வரலாறு கல்லிலும் மக்கள் நாவிலும் தங்கியுள்ளது. பொள்ளாச்சி என்னும் பெயருக்குப் பொழில்வாய்ச்சி என்றும் பொருளாட்சி என்றும் விளக்கம் கூறுவர். இரண்டும் இனியனவே, எனினும் ஒரு பெயருக்குப் பிறப்பு ஒன்றே. அதனை முடிவுசெய்ய வல்லது பழைய ஆவணத்திற் காணும் வடிவமேயன்றிக் கற்பனையன்று. அத்தகைய ஆவணங்களாகிய கல்வெட்டுகள் கோயிற் சுவர்களிலேயே உள்ளன. திருப்பணிக் காலத்தில் மணலை வீசிக் கல்லைத் துலக்குதலாலும், சுண்ணமும் வண்ணமும் பூசுதலாலும், பழங்கல்லை மாற்றிப் புதுக்கல் இடுதலாலும் அவை பல இடங்களில் அழிந்தன. ஓர் எழுத்து மறைந்தால் ஒரு சொல்லின் சான்று மறையும். கொடை செய்யும் அன்பர்கள் கோபுரத்துக்குப் பொன் தருதல் போலவே, சுவரிலுள்ள எழுத்தைப் படியெடுத்துக் காத்தற்கும் பொருள் தருவாராக. முன்னோர் செய்த அறத்தை அவ்வெழுத்தன்றி உரைப்பார் யாவர்?

அவ்வாறே ஆனைமலை வாழ் மக்களின் பேச்சும் போற்றற்குரியது. கற்றோர் இழந்த ஒலியைக் கல்லாதார் எனப்பட்டோர் காத்துத் தந்தனர் என்பதனை மொழிநூல் காட்டிற்று. அவர்தம் சொல்லை எள்ளாது கேட்டு எழுதி வைத்தலும் ஒரு திருப்பணியே.

குடத்து நீர் காவிரியினது ஆயினும் கங்கையினது ஆயினும் கோபுரக் கலசத்தில் விழுங்கால் ஒன்றேயாம். ஆயினும் காவிரியின் ஊற்றைக் கங்கையில் தேடுவாரும், கங்கையின் ஊற்றைக் காவிரியில் தேடுவாரும் இல்லை. சொற்களையும் அங்ஙனமே அறிந்து, அவ்வவற்றின் பிறப்பை மெய்யாக உரைத்து, எல்லாச் சொல்லாலும் இறைவனை ஏத்துக. மெய்ச்சொல் வளர்க; திருவருள் நிலவுக.

திருச்சிற்றம்பலம்.